பன்னிரண்டு காடி, ஆறு கிளாம்பு: ஒரு சுவர் ரேக்கோடு எட்டு மாதம்

கிளாம்பு எத்தனை வைத்திருக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டால் "பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்பேன். உண்மையில் 37. மரவேலையில் பசை காயும்வரை பலகைகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் கவ்விதான் கிளாம்பு. நீளக் கம்பியில் ஒரு தாடை நகராமலும் இன்னொன்று நகர்ந்தும் இருக்கும் எஃப் கிளாம்பு 24 அங்குலத்தில் எட்டு, 12 அங்குலத்தில் ஆறு, ஜி எழுத்து மாதிரி வளைந்த ஜி கிளாம்பு ஏழு, நாலடி பைப் கிளாம்பு மூன்று, ஒரு கையால் அமுக்கி இறுக்கும் குவிக் கிளாம்பு ஐந்து. மிச்சம் எட்டும் துணி காயப்போடும் கிளிப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும் ஸ்பிரிங் கிளாம்பு.

இதெல்லாம் போன வருடம் வரை ஒரே மரப்பெட்டிக்குள் கிடந்தது. ஒன்றை இழுத்தால் நாலு சேர்ந்து வரும். பசை தடவிய பிறகு அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். எங்கள் ஊர் நாகர்கோவில். ஏப்ரல், மே மாதங்களில் ஷெட்டில் ஃபெவிகால் தடவி வைத்தால் சில நிமிடங்களில் மேலே ஆடை கட்ட ஆரம்பித்துவிடும். அதற்குள் பலகைகளைச் சேர்த்து, மட்டம் பார்த்து, கிளாம்பு போட்டு முடித்தாக வேண்டும். ஒருமுறை நடுவில் போட வேண்டிய மூன்றாவது கிளாம்பு பெட்டிக்குள் சிக்கிக்கொண்டது. அதை எடுத்து வருவதற்குள் நடுப்பலகை ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) மேலே ஏறி அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த முக்காலி இன்றும் பூஜை அறையில் நொண்டி இல்லாமல்தான் நிற்கிறது, ஆனால் மேலே கையை ஓட்டினால் அந்த ஒரு நூல் தட்டும்.

ஆகவே ஜூன் மாதம் ஆன்லைனில் ஒரு சுவர் ரேக் வாங்கினேன். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம், இதே அச்சில் வார்த்த மாதிரி பல பெயர்களில் விற்கிறார்கள். இரண்டு ரேக் கொண்ட செட், 1,349 ரூபாய். இரண்டு மில்லிமீட்டர் தகடு, கறுப்பு பவுடர் கோட்டிங், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காடி, அதாவது கிளாம்பின் கம்பியை நுழைத்து மாட்டும் வெட்டு. நான்கு திருகு, திருகைப் பிடித்துக்கொள்ளச் சுவர் ஓட்டையில் செருகும் நான்கு பிளாஸ்டிக் பிளக் கூடவே வந்தன. பெட்டியில் "20 கிலோ தாங்கும்" என்று அச்சிட்டிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தகடு நல்ல தகடு. வளைவுகளில் விரிசல் இல்லை, ஓரங்களைத் தேய்த்து அனுப்பியிருந்தார்கள், கையைக் கிழிக்கவில்லை. காடியின் முன்விளிம்பு கொஞ்சம் மேல்நோக்கி மடிந்திருந்தது. இது முக்கியம். எஃப் கிளாம்பை மாட்டும்போது மேலே இருக்கும் நகராத தாடைதான் காடியின் மேல் உட்கார வேண்டும், கம்பி காடிக்குள் கீழே தொங்க வேண்டும். முன்விளிம்பு சமதளமாக இருந்தால், பக்கத்துக் கிளாம்பை எடுக்கும்போது பட்ட லேசான இடியிலேயே இது வழுக்கிக்கொண்டு வந்து கால் மேல் விழும். மடிப்பு இருந்தால் ஒரு விரல் தூக்கித்தான் எடுக்க முடியும். யாரோ கிளாம்பு பிடித்துப் பழகியவர் யோசித்திருக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

மாட்ட ஆரம்பித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. காடிக்கும் காடிக்கும் நடுவே இருக்கும் தூரம் 38 மில்லிமீட்டர். கம்பியின் கனத்தை மட்டும் பார்த்தால் இது தாராளம், என் கிளாம்புகளின் கம்பி எட்டு மில்லிமீட்டர்தான். ஆனால் கிளாம்பில் இடத்தைப் பிடிப்பது கம்பி அல்ல, கைப்பிடி. என்னுடைய 24 அங்குலக் கிளாம்புகளில் திருகின் முனையில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி, டி எழுத்து மாதிரி, மூன்று அங்குல நீளம். அது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றாலே பக்கத்துக் கிளாம்பில் முட்டும். அடுத்தடுத்த காடிகளில் தொங்கவிட்டால், பேருந்தில் நெருக்கியடித்து நிற்கிறவர்கள் மாதிரி எல்லாம் ஒருக்களித்து நின்றன. ஒன்றை எடுத்தால் இரண்டு பக்கமும் கணகணவென்று சத்தம். கடைசியில் ஒன்று விட்டு ஒன்று மாட்ட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு காடி ரேக் ஆறு காடி ரேக் ஆனது இப்படித்தான்.

மரக் கைப்பிடியோ பிளாஸ்டிக் கைப்பிடியோ உள்ள கிளாம்புகளுக்கு இந்தக் குறை பாதிதான். என் 12 அங்குலக் கிளாம்புகளின் கைப்பிடி உருண்டை, விட்டம் 30 மில்லிமீட்டர். அவை 38-க்குள் ஒட்டியும் ஒட்டாமலும் அடங்கின. அதனால் வாங்குவதற்கு முன்னால் ஸ்கேலை எடுத்துக் கைப்பிடியை அளந்துகொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தில் காடியின் அகலத்தைப் போடுகிறார்கள், காடிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பலர் போடுவதில்லை. கேள்வி கேட்கும் இடத்தில் கேட்டேன். "ஆம், நல்ல தரம்" என்று பதில் வந்தது.

சரி, அடுத்தது விழுந்த கதை.

எங்கள் ஷெட் காருக்காகக் கட்டியது. சிமெண்ட் ஹாலோ பிளாக் சுவர். பகலில் கார் வெளியே நிற்கும், நான் உள்ளே வேலை செய்வேன். இரவில் கார் உள்ளே வந்துவிடும். ரேக்கை இடப்பக்கச் சுவரில் அடித்தேன். வலப்பக்கம் அடித்தால் வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்து இறங்க முடியாது. கூட வந்த பிளக்கையும் திருகையும் வைத்தே அடித்தேன், அது என் தப்பு. ஆறு எஃப் கிளாம்பு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் ஒன்று 1.4 கிலோ. அதோடு விட்டிருக்கலாம். பைப் கிளாம்பு காடிக்குள் நுழையவில்லை, ஏனென்றால் அரை அங்குல ஜிஐ பைப் என்று பெயர்தானே தவிர வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேல். வைத்த இடத்தில் வைக்க மனமில்லாமல் ரேக்கின் இரண்டு முனை ஓட்டைகளிலும் கட்டுக்கம்பி போட்டு ஒவ்வொரு பைப் கிளாம்பாகக் கட்டித் தொங்கவிட்டேன். மொத்தம் கிட்டத்தட்ட 14 கிலோ. இருபது தாங்கும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்களே.

நவம்பரில், ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு விடிகாலையில் ஷெட்டிலிருந்து ஒரு சத்தம். பாத்திரக் கடையை யாரோ கவிழ்த்த மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால் ரேக் தரையில், மேல் பிளக்குகள் இரண்டும் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே, காரின் இடதுபக்கக் கண்ணாடி மடங்கித் தொங்குகிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை ஒரு நிமிடம் பார்த்தார், கிளாம்புகளை எண்ண ஆரம்பித்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுப்பவள். பத்தாம் வகுப்பு முதல் பாடத்திலேயே விசையின் திருப்புத்திறன் வருகிறது. அதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து இப்படி ஒரு வேலை செய்திருக்கிறேன். கணக்கு இதுதான்: பாரம் 14 கிலோ, அது தொங்கும் இடம் சுவரிலிருந்து 12 சென்டிமீட்டர் வெளியே. ரேக்கின் கீழ்விளிம்பு சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்கிறது, அங்கிருந்து மேல் திருகு வெறும் 4 சென்டிமீட்டர் உயரத்தில். 14-ஐ 12-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 42. அதாவது, மேலே இருக்கும் இரண்டு திருகும் சேர்ந்து 42 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். சுவரை விட்டு நேராக வெளியே பிடுங்குகிற இழுப்பு. ஒவ்வொரு முறை கிளாம்பை மாட்டும்போதும் ஒரு குலுக்கல் வேறு. ஹாலோ பிளாக்கின் ஓடு மெல்லிசு, அதற்குப் பின்னால் வெற்றிடம். பிளக்கின் பாதி அந்த வெற்றிடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. 20 கிலோ தாங்கும் என்பது தகட்டைப் பற்றிய பேச்சு. சுவரைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விழுந்த ரேக்கின் தகடு ஒரு இம்மிகூட வளையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புகார் எழுதினேன். அடுத்த முறை வாங்க 150 ரூபாய் கூப்பன் தந்தார்கள்.

எனக்கு மரவேலை கற்றுத்தந்த ஆசாரி, என் அப்பா வயது, அந்த வாரம் வந்திருந்தார். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சாமானத்த எல்லாம் கசாப்புக் கடையில ஆட்டுத்தொடை மாதிரி தொங்கவிட்டிருக்கிய. அது விழாம என்ன செய்யும்?" என்றார். அவருடைய வழி வேறு. அவர் பட்டறையில் உத்தரத்துக்குக் கீழே ஒரு ரீப்பர் கட்டை ஓடும். வேலை முடிந்ததும் ஜி கிளாம்பை அந்தக் கட்டையிலேயே மாட்டி, திருகைக் கால் சுற்று இறுக்கி விட்டுவிடுவார். கிளாம்பு தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும், அதற்குத் தனியாக ஆணி எதற்கு, கொக்கி எதற்கு. ஜி கிளாம்புக்கு இதைவிட நல்ல ரேக் நான் பார்க்கவில்லை. நான் வாங்கிய இரும்பு ரேக்கில் ஜி கிளாம்பு உட்காரவே உட்காராது, அதன் வயிறு தகட்டில் இடிக்கும். இப்போது என் ஏழு ஜி கிளாம்பும் ஒரு கட்டையில் வரிசையாகக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. ஸ்பிரிங் கிளாம்பு எட்டும் அதே கட்டையின் இன்னொரு முனையில்.

அண்ணாச்சி சொன்னபடி சுவர் வேலையையும் மாற்றினேன். ஷெட்டில் இரண்டு கான்கிரீட் தூண்கள் இருக்கின்றன, நடுவே ஏழடி. மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் அயினிச் சட்டம் இரண்டு வாங்கினேன். எங்கள் பக்கம் கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் போடுகிற மரம், பலாவுக்குச் சொந்தக்காரன். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, தூணிலிருந்து தூணுக்கு, பத்து மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கினேன். ஹாலோ பிளாக்கை நம்பவே இல்லை. இனி எந்த ரேக்கையும் அந்தச் சட்டத்தில் மரத்திருகால் அடித்துக்கொள்ளலாம், இடம் மாற்ற வேண்டுமானால் கழற்றி நகர்த்தலாம். சட்டம், போல்ட் எல்லாம் சேர்த்து ரேக்கின் விலையைத் தாண்டிவிட்டது. இந்தச் செலவை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

24 அங்குலக் கிளாம்புகளுக்கு நானே ஒரு ரேக் செய்தேன். அலமாரி வேலையில் மிஞ்சிய 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு, ஆறு அங்குல அகலம். ஒரு காடியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு மூன்றே கால் அங்குலம், அதாவது டி கைப்பிடியின் நீளத்தோடு இரண்டு நூல் கூட. முதலில் அரை அங்குல டிரில்லால் ஒவ்வொரு காடிக்கும் முனையில் ஓட்டை, அப்புறம் முன்விளிம்பிலிருந்து அந்த ஓட்டை வரை இரண்டு ரம்பக் கோடு. நடுத்துண்டு தானாக விழுந்துவிடும். காடியின் அடி வட்டமாக வருவதால் கம்பியின் மூலை மாட்டாது. கீழே முக்கோண முட்டு மூன்று. முன்விளிம்பைப் பின்பக்கத்தைவிட மூன்று நூல் தூக்கி வைத்தேன், அந்த இரும்பு ரேக்கின் மடிப்பு செய்த வேலையை இங்கே இந்தச் சரிவு செய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எட்டுக் கிளாம்பும் ஒன்றையொன்று தொடாமல் தொங்குகின்றன. கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் எடுக்கலாம், வலது கை பலகையை அமுக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேண்டியது அதுதான்.

இதில் இரண்டு ஜெர்மன் கிளாம்பு, பெஸ்ஸி. 1889-இல் ஸ்டுட்கார்ட்டில் இரும்புக் கம்பி இழுக்கும் ஆலையாகத் தொடங்கிய கம்பெனி அது, கிளாம்புக்கு வந்தது பிறகு. அதன் கம்பியில் நீளவாக்கில் பள்ளம் ஓடும். மச்சினர் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அந்த இரண்டையும் முதல் இரண்டு காடிகளில்தான் மாட்டுவேன், காரணமெல்லாம் கேட்கக்கூடாது.

துரு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் ஊருக்கு ஜூனில் தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபரில் வடகிழக்கும் உண்டு, கடல் காற்று வருடம் முழுக்க. இரும்பு ரேக்கின் பவுடர் கோட்டிங் காடி ஓரங்களில் நாலாவது மாதமே உரிந்துவிட்டது. கிளாம்பின் கம்பி போய் வந்து உரசும் இடம் அது, உரியத்தான் செய்யும். உரிந்த இடத்தில் செந்நிறக் கோடு, அந்தக் கோடு கிளாம்புக் கம்பியிலும் அப்புகிறது. மரரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. துருப்பிடித்த கம்பியை ஈரப்பசை கசியும் தேக்கில் வைத்து இறுக்கினால் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து கறுப்புக் கறை படிந்துவிடும், இழைத்தாலும் லேசில் போகாது. ஒரு ஜன்னல் சட்டத்தைக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. அதிலிருந்து கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே பால் கவர் ஒன்றைக் கிழித்து வைக்கிறேன்.

துரு வருகிறது என்று கம்பியில் எண்ணெய் தடவிவிடாதீர்கள். நான் தடவினேன். எஃப் கிளாம்பின் நகரும் தாடை கம்பியைப் பிடித்துக்கொள்வது பூட்டினால் அல்ல, இறுக்கும்போது அது லேசாகச் சாய்ந்து கம்பியை இரண்டு பக்கமும் கவ்வுவதால்தான். முழுக்க உராய்வு வேலை. எண்ணெய் பட்டால் இறுக்க இறுக்க வழுக்கும். போதாததற்கு எண்ணெய் மரத்தில் பட்ட இடத்தில் பாலிஷ் ஒட்டாது. எண்ணெய் திருகு மரைக்கு மட்டும், இரண்டு சொட்டு. கம்பிக்கு உலர்ந்த துணி, துரு தெரிந்தால் உப்புத்தாள்.

பெக்போர்டும் பார்த்தேன், கொக்கி மாட்ட வரிசையாக ஓட்டை போட்ட பலகை அது. சுத்தியல், உளி, திருப்புளி தொங்க நன்றாக இருக்கும், 1.4 கிலோ இரும்பை மாட்டினால் கொக்கியோடு வந்துவிடுகிறது. சக்கரம் வைத்த கிளாம்பு வண்டி பெரிய பட்டறைக்காரர்களுக்கு. இரவு கார் வந்து நிற்கிற ஷெட்டில் வண்டியை எங்கே தள்ளுவது, சமையலறைக்கா? பைப் கிளாம்பு மூன்றும் இப்போது மூலையில் ஒரு மரப்பெட்டிக்குள் நட்டக்குத்தலாக நிற்கின்றன, தூணோடு ஒரு கயிறு. அவ்வளவு போதும் அவற்றுக்கு.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் அந்த இரும்பு ரேக்குக்கு இரண்டரை. தகடுக்கும் முன் மடிப்புக்கும் முழு மதிப்பெண், காடி இடைவெளிக்கு அரை, கூட வந்த பிளக்குக்குச் சுழி. 12 அங்குலத்துக்கு உட்பட்ட, உருண்டைக் கைப்பிடி கிளாம்புதான் உங்களிடம் அதிகம், சுவர் செங்கல்லோ கான்கிரீட்டோ, ரம்பம் பிடிக்க நேரமும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். வந்த பிளக்கைக் குப்பையில் போட்டுவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் எட்டு மில்லிமீட்டர் பிளக்கும் இரண்டரை அங்குலத் திருகும் வாங்கிக்கொள்ளுங்கள். 24 அங்குலமும் அதற்கு மேலும், டி கைப்பிடியோடு இருந்தால், ஒரு பிளைவுட் துண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

செட்டில் ஒரு ரேக் இன்னும் ஷெட்டில் இருக்கிறது, அயினிச் சட்டத்தில், ஆறு சின்ன கிளாம்பும் ஐந்து குவிக் கிளாம்பும் சுமந்துகொண்டு. விழுந்த இன்னொன்றை வீட்டுக்காரர் எடுத்துப்போய்ப் பின்வாசல் செங்கல் சுவரில் அடித்துவிட்டார். நாலு குடை, இரண்டு துடைப்பம், தேங்காய் பறிக்கும் தொரட்டி. 38 மில்லிமீட்டர் இடைவெளி குடைக்குக் கச்சிதமாக இருக்கிறது.